நடுவடுக்கில் நடந்த போட்டி: 200 டாலர் வரைகலை அட்டைகளின் வரலாறு

வீட்டுக் கணினியின் திரையில் முப்பரிமாணக் காட்சிகளை வரைந்து காட்டும் வரைகலை அட்டை, கடைவழக்கில் கிராஃபிக்ஸ் கார்டு எனப்படுவது, ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக ஒரே மாதிரியான விலையடுக்குகளில்தான் சந்தைக்கு வந்துகொண்டிருக்கிறது. மேலடுக்கில் இருப்பவை நிறுவனத்தின் பெயரை நிலைநாட்டுவதற்காக வெளியிடப்படுபவை. கீழடுக்கில் இருப்பவை திரையில் படம் தெரிந்தால் போதும் என்ற தேவைக்கானவை. இரண்டுக்கும் இடையில், 2000ஆம் ஆண்டு முதல் 2016 வரை அமெரிக்க விலையில் ஏறத்தாழ 200 முதல் 300 டாலர் வரை நிலைத்திருந்த நடுவடுக்கே, சொந்தச் சேமிப்பில் ஓர் அட்டையை வாங்கி மூன்று நான்கு ஆண்டுகளுக்கு அதையே நம்பியிருக்க வேண்டியவர்களின் இடமாக இருந்தது. உச்ச அட்டைகளின் சாதனைகளை வரிசைப்படுத்தும் வரலாறுகள் இந்த அடுக்கைப் பின்னிணைப்பாகக் கருதிக் கடந்துவிடுகின்றன. ஆனால் போட்டி நிறுவனங்கள் விலையாலும் வடிவமைப்பாலும் நேருக்கு நேர் மோதிக்கொண்டதும், ஓர் அட்டையின் தரத்தை எப்படி அளப்பது என்பதை வாங்குவோர் படிப்படியாகக் கற்றுக்கொண்டதும் இங்கேதான். அந்தக் கற்றலின் போக்கில் திரும்பத் திரும்பத் தெரியவந்த உண்மை, இரு அட்டைகளுக்கு இடையிலான முடிவான வேறுபாடு பெட்டியின்மீது பெரிய எழுத்தில் அச்சிடப்பட்ட எண்ணில் அரிதாகவே இருந்தது என்பதாகும்.

நடுவடுக்கு அட்டை எவ்வாறு பிறக்கிறது என்பதை அறிந்தால்தான் இந்த வரலாறு விளங்கும். வரைகலைச் சில்லுகள் வேஃபர் எனப்படும் வட்டமான சிலிக்கான் தகட்டில் ஒன்றாகப் பொறிக்கப்பட்டு, பின்னர் தனித்தனியாக அறுக்கப்படுகின்றன. தகட்டில் ஆங்காங்கே நுண்ணிய குறைகள் விழுவது தவிர்க்க முடியாதது. சில்லின் பரப்பு கூடக் கூட, குறையில்லாமல் தேறும் சில்லுகளின் விகிதம் இறங்கிக்கொண்டே போகும். பெரிய சில்லில் பழுதான பகுதியை மட்டும் செயலிழக்கச் செய்து எஞ்சியதைக் குறைந்த விலை அட்டையாக விற்பது, இழை பிசகிய புடவையைத் துண்டுகளாக வெட்டி விற்பதைப் போன்றதொரு வழி. நடுவடுக்குக்கென்றே சிறிய சில்லொன்றைத் தொடக்கத்திலிருந்து வடிவமைப்பது மற்றொரு வழி. முதல் வழியில் பிறந்த அட்டை பெரிய சில்லின் மின்தேவையையும் வெப்பத்தையும் சுமந்தபடியே வரும். இரண்டாம் வழியில் பிறந்தது சிக்கனமாக இருக்கும், ஆனால் சிக்கனத்துக்காக எதை வெட்டினார்கள் என்பதைப் பொறுத்தே அதன் ஆயுள் அமையும். பெரும்பாலும் வெட்டுக்கு உள்ளானது நினைவகப் பாதை, அதாவது சில்லுக்கும் அட்டையிலுள்ள அதன் தனி நினைவகத்துக்கும் இடையே ஒரே வேளையில் எத்தனை பிட்டுகள் செல்லலாம் என்பதைக் குறிக்கும் அகலம். 128 பிட், 192 பிட், 256 பிட் என்று அது குறிக்கப்படுகிறது. நினைவகத்தின் அளவு எவ்வளவு பெரியதாக இருந்தாலும் பாதை குறுகலாக இருந்தால் சில்லு காத்திருந்துதான் ஆக வேண்டும்.

தொடக்கத்தில் களத்தில் பல நிறுவனங்கள் இருந்தன. 1996இல் 3டிஎஃப்எக்ஸ் நிறுவனத்தின் வூடூ அட்டை முப்பரிமாண வேலையை மட்டும் ஏற்றுக்கொண்டு, இருபரிமாணப் படத்துக்கு வேறோர் அட்டையைச் சார்ந்திருந்தபோதிலும், வீட்டுக் கணினி விளையாட்டுகளின் தோற்றத்தையே மாற்றியது. எஸ்3, மேட்ராக்ஸ், கனடாவில் 1985இல் தொடங்கப்பட்ட ஏடிஐ, கலிஃபோர்னியாவில் 1993இல் தொடங்கப்பட்ட என்விடியா ஆகியவையும் போட்டியில் இருந்தன. 1999இல் ஜிஃபோர்ஸ் 256 என்ற அட்டையை வெளியிட்ட என்விடியா, வரைகலைச் சில்லைக் குறிக்கும் ஜிபியு என்ற சொல்லைப் பரப்பியது. 2000ஆம் ஆண்டின் இறுதியில் 3டிஎஃப்எக்ஸின் சொத்துகளை அந்நிறுவனமே வாங்கிக்கொண்டது. அதன்பின் விளையாட்டுக்கென அட்டை வாங்கச் சென்றவருக்குப் பெரும்பாலும் இரண்டே பெயர்கள்தாம் எஞ்சின: என்விடியாவின் ஜிஃபோர்ஸ், ஏடிஐயின் ரேடியான். ஏடிஐயை 2006இல் ஏஎம்டி 540 கோடி டாலருக்கு வாங்கிய பின்னரும் ரேடியான் என்ற பெயர் தொடர்ந்தது.

பெயரே வாங்குவோரை வழிதவறச் செய்யக்கூடும் என்பதற்கு 2002ஆம் ஆண்டு முதல் பெரும் சான்று. அவ்வாண்டின் தொடக்கத்தில் ஜிஃபோர்ஸ் 4 என்ற ஒரே குடும்பப் பெயரில் இருவகை அட்டைகள் வெளிவந்தன. ஜிஃபோர்ஸ் 4 டிஐ வரிசை, ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் விளையாட்டை எழுதியவரே சிறு நிரல்களால் தீர்மானிக்க இடமளிக்கும் ஷேடர் வசதியைக் கொண்டிருந்தது. ஜிஃபோர்ஸ் 4 எம்எக்ஸ் வரிசையோ, முந்தைய தலைமுறையான ஜிஃபோர்ஸ் 3இல் இருந்த அவ்வசதிகூட இல்லாமல், இரண்டு தலைமுறை பழைய ஜிஃபோர்ஸ் 2இன் வழிவந்த கட்டமைப்பில் நின்றது. நான்கு என்ற எண்ணை நம்பி எம்எக்ஸ் வாங்கியவர்கள், அடுத்த சில ஆண்டுகளில் வந்த விளையாட்டுகளில் நீரின் பளபளப்பும் நிழலும் தம் திரையில் வராததைக் கண்டார்கள் அல்லது அவ்விளையாட்டுகளைத் தொடங்கவே இயலாமல் நின்றார்கள். இது தவறான விளம்பரம் என்று சட்டத்தால் சொல்ல முடியாவிட்டாலும், குறைந்த வருவாயுள்ள வாங்குவோரின் அறியாமையைப் பயன்படுத்திக்கொண்ட பெயரீடு என்பதில் ஐயமில்லை.

அதே குடும்பத்தில் ஏப்ரல் மாதம் வந்த டிஐ 4200 வேறொரு பாடத்தைக் கற்பித்தது. அது 64 மெகாபைட், 128 மெகாபைட் என இருவகை நினைவகங்களோடு 200 டாலரை ஒட்டிய விலையில் விற்கப்பட்டது. இரு மடங்கு நினைவகம் கொண்டதுதான் வேகமானது என்று எவரும் எண்ணுவது இயல்பு. ஆனால் 64 மெகாபைட் அட்டையின் நினைவகம் 250 மெகாஹெர்ட்சிலும் 128 மெகாபைட் அட்டையின் நினைவகம் 222 மெகாஹெர்ட்சிலும் ஓடியதால், அன்றைய விளையாட்டுகள் பலவற்றில் சிறிய அட்டையே முன்னின்றது. எனினும் உருமேற்பரப்புகளின் படங்கள் பெரிதாகிக்கொண்டே போன பின்வந்த ஆண்டுகளில் பெரிய நினைவகத்துக்குத் தேவை கூடியது. இன்றைய வேகமா, நாளைய இடமா என்ற இந்தக் கேள்வி அன்று தொடங்கி இன்றுவரை நடுவடுக்கை விட்டு அகலவில்லை.

2002ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஏடிஐயின் முறை வந்தது. ஆகஸ்டில் 399 டாலருக்கு வெளியான ரேடியான் 9700 ப்ரோ, என்விடியாவின் அன்றைய உச்ச அட்டையை எளிதாகக் கடந்தது. அதே சில்லின் எட்டு வரைவுத் தடங்களையும், அதாவது புள்ளிகளை ஒருசேர வரையும் வழிகளையும், அப்படியே வைத்துக்கொண்டு, நினைவகப் பாதையை மட்டும் 256இலிருந்து 128 பிட்டாகக் குறைத்த 9500 ப்ரோ, 200 டாலரை ஒட்டிய விலையில் அவ்வாண்டின் இறுதியில் வந்தது. அதனினும் மலிவான சாதாரண 9500 அட்டையில் நான்கு தடங்கள் மூடப்பட்டிருந்தன. ஆனால் சில 128 மெகாபைட் 9500 அட்டைகள் 9700இன் பலகையிலேயே, 256 பிட் பாதையோடு வந்ததையும், மூடிய தடங்களை மாற்றியமைத்த டிரைவர் மென்பொருளால், அதாவது இயங்குதளத்துக்கும் அட்டைக்கும் இடையே நின்று ஆணைகளை மொழிபெயர்க்கும் நிரலால், திறந்துவிடலாம் என்பதையும் ஆர்வலர்கள் கண்டறிந்தார்கள். நல்வாய்ப்பு உடையவருக்கு இருமடங்கு அட்டை கிடைத்தது. சில்லில் உண்மையாகவே பழுது இருந்தவருக்குத் திரையில் சதுரங்கக் கட்டம்போல் புள்ளிகள் சிதறின. பழுதுற்ற சில்லும், விற்பனைத் தேவைக்காக வேண்டுமென்றே மூடப்பட்ட நல்ல சில்லும் ஒரே பெட்டியில் விற்கப்படுகின்றன என்ற உற்பத்தி இரகசியத்தைப் பொதுமக்கள் கைப்பட அறிந்துகொண்டது இவ்வாறுதான். 2003இல் இவற்றுக்குப் பதிலாக வந்த 9600 ப்ரோ நான்கு தடங்களோடு சிறிய சில்லாக வடிவமைக்கப்பட்டிருந்தது. நிறுவனத்துக்கு அது மலிவு, ஆனால் பெயரில் நூறு கூடியிருந்தும் அது பல சோதனைகளில் 9500 ப்ரோவை எட்டவில்லை.

2004இல் வந்த ஜிஃபோர்ஸ் 6600 ஜிடி இந்த அடுக்கில் என்விடியாவின் மதிப்பை மீட்டது. ஆனால் நடுவடுக்கு எவ்வளவு தாழ இறங்கக்கூடும், எவ்வளவு உயரக்கூடும் என்ற இரண்டையும் ஒரே ஆண்டில் காட்டியது 2007தான். முந்தைய நவம்பரில் வந்திருந்த ஜிஃபோர்ஸ் 8800 ஜிடிஎக்ஸ், 128 கணிப்பு அலகுகளையும் 384 பிட் பாதையையும் கொண்டு 599 டாலருக்கு விற்கப்பட்டது. அதன் தம்பியாக ஏப்ரலில் 200 டாலரை ஒட்டி வந்த 8600 ஜிடிஎஸ் அட்டையில் இருந்தவை 32 அலகுகளும் 128 பிட் பாதையும் மட்டுமே. விலை மூன்றில் ஒன்றாகக் குறைந்தபோது அலகுகள் நான்கில் ஒன்றாகிவிட்டன. புதிய தலைமுறைக்காகக் காத்திருந்தவர்கள் ஏமாந்தார்கள். அக்டோபர் மாத இறுதியில் 8800 ஜிடி வெளியானபோது நிலைமை தலைகீழானது. 65 நானோமீட்டர் முறையில் சுருக்கிப் பொறிக்கப்பட்ட அதன் சில்லில் 112 அலகுகள் இயங்கின. 199 முதல் 249 டாலர் வரை என அறிவிக்கப்பட்ட அந்த அட்டை, அதைவிட மிகக் கூடுதல் விலையில் விற்றுக்கொண்டிருந்த 8800 ஜிடிஎஸ் அட்டையையே மிஞ்சியது. கடைகளில் அது கிடைப்பதே அரிதாகி, அறிவித்த விலைக்கு மேல் விற்றது. நவம்பரில் ஏஎம்டி வெளியிட்ட ரேடியான் எச்டி 3850, 179 டாலருக்குக் கிடைத்தது. வேகத்தில் பின்தங்கினாலும் மின்செலவிலும் விலையிலும் அது நியாயமான மாற்றாக இருந்தது. இரு நிறுவனத்தாரும் ஒரே மாதத்துக்குள் 200 டாலருக்கு நல்ல பொருளைக் கொடுத்த காலம் அது.

அடுத்த கோடையில் நடந்தது இந்த வரலாற்றின் நடுநாயகமான நிகழ்வு. ஏடிஐயின் பொறியாளர்கள், ஏஎம்டியோடு இணைவதற்கு முன்பே, மிகப் பெரிய சில்லை முதலில் செய்து அதை வெட்டிக் கீழடுக்குகளுக்கு இறக்கும் மரபைக் கைவிட முடிவெடுத்திருந்தார்கள். 200, 300 டாலர் விலைக்குப் பொருந்தும் சில்லையே முதன்மையாக வடிவமைப்பது, உச்ச அடுக்குக்குத் தேவையானால் அதே சில்லில் இரண்டை ஓர் அட்டையில் பொருத்துவது என்பது அவர்களது திட்டம். நடுவடுக்கு வாங்குவோரை மையத்தில் வைத்து ஒரு முழுத் தலைமுறையும் திட்டமிடப்பட்டது என்பதுதான் இதன் சிறப்பு. 2008 ஜூனில் என்விடியா சுமார் 576 சதுர மில்லிமீட்டர் பரப்புள்ள சில்லோடு ஜிடிஎக்ஸ் 280ஐ 649 டாலருக்கும், அதன் வெட்டப்பட்ட வடிவான ஜிடிஎக்ஸ் 260ஐ 399 டாலருக்கும் வெளியிட்டது. அதே மாதம், அதில் பாதிப் பரப்புக்கும் குறைவான, சுமார் 256 சதுர மில்லிமீட்டர் சில்லோடு ரேடியான் எச்டி 4850 அட்டை 199 டாலருக்கும், 4870 அட்டை 299 டாலருக்கும் வந்தன. 299 டாலர் அட்டை 399 டாலர் அட்டைக்கு இணையாக நின்றதை எந்தச் சோதனையும் மறைக்க இயலவில்லை. சில வாரங்களில் ஜிடிஎக்ஸ் 280இன் விலை 499 டாலருக்கும் 260இன் விலை 299 டாலருக்கும் இறக்கப்பட்டன. முந்தைய உச்ச அட்டையான 9800 ஜிடிஎக்ஸ் 199 டாலருக்கு வந்தது. 4850ஐ விரும்பாதவரும் அதனால் பயனடைந்தார் என்பது கவனிக்கத்தக்கது: நடுவடுக்கில் ஒரு நல்ல அட்டை வந்தால் போட்டியாளரின் பொருளும் மலிவாகிறது, அதனால்தான் ஒரே நிறுவனத்தின் மீது பற்றுவைத்து மற்றதன் வீழ்ச்சியை விரும்புவது வாங்குவோருக்கே கேடாக முடிகிறது.

நடுவடுக்குக்கென்றே சிறிய சில்லை வடிவமைக்கும் பாடத்தை என்விடியா 2010இல் கற்றுக்கொண்டதற்குத் தெளிவான சான்று உண்டு. அவ்வாண்டு மே மாதம், வெப்பத்துக்குப் பெயர்பெற்ற ஜிடிஎக்ஸ் 480இன் பெரிய சில்லை வெட்டி, 200 வாட் மின்தேவையோடு ஜிடிஎக்ஸ் 465 என்ற அட்டையை 279 டாலருக்கு அது விற்றது. ஜூலையில், நடுவடுக்குக்கெனத் தனியே வடிவமைத்த சிறிய சில்லோடு ஜிடிஎக்ஸ் 460 வந்தது. அதன் 1 ஜிகாபைட் வடிவம் 229 டாலருக்கும் 160 வாட்டுக்கும் 465க்கு நிகராகவோ மேலாகவோ இயங்கியது. இரண்டு மாத இடைவெளியில் ஒரே நிறுவனம் மேற்சொன்ன இருவழிகளையும் அருகருகே வைத்துக் காட்டிய அரிய தருணம் இது. ஆனால் 199 டாலர் விலையுள்ள 768 மெகாபைட் வடிவமும் அதே 460 என்ற பெயரையே தாங்கியது. நினைவகம் மட்டும் குறைந்தது என்று பெட்டியைப் பார்த்தவர் எண்ண, உள்ளே பாதையும் 256 பிட்டிலிருந்து 192 பிட்டாகக் குறுகியிருந்தது. பெயரால் குழப்புவதில் ஏஎம்டியும் பின்தங்கவில்லை: அக்டோபரில் அது வெளியிட்ட எச்டி 6870, முந்தைய ஆண்டின் எச்டி 5870ஐவிட மெதுவானதாக இருந்தது.

இதுவரை அட்டைகளை ஒப்பிட்டவர்கள் நம்பியிருந்த அளவுகோல், ஒரு நொடிக்குச் சராசரியாக எத்தனை ஃபிரேம்கள், அதாவது எத்தனை முழுப் படங்கள், திரைக்கு வருகின்றன என்பதே. அந்த அளவுகோலின் போதாமையைத் தி டெக் ரிப்போர்ட் இதழின் ஆசிரியர் ஸ்காட் வாசன் 2011இல் விரிவாக எடுத்துரைத்தார். நொடிக்கு 60 படங்கள் என்றால் ஒவ்வொரு படத்துக்கும் 16.7 மில்லி நொடி என்று பொருள் கொள்கிறோம். ஆனால் பெரும்பாலான படங்கள் 10 மில்லி நொடியில் வந்து, இடையிடையே ஒரு படம் 80 மில்லி நொடி எடுத்துக்கொண்டாலும் சராசரி அழகாகவே இருக்கும், ஆடுபவரின் கண்ணுக்கோ அந்த இடம் தடுக்கி நிற்பதாகத் தெரியும். ஆகவே ஒவ்வொரு படத்துக்கும் ஆன நேரத்தைத் தனித்தனியாகப் பதிந்து, நூற்றில் 99 படங்கள் எத்தனை மில்லி நொடிக்குள் முடிந்தன என்று பார்க்க வேண்டும் என்பது அவரது வாதம். இம்முறை ஒரு நடுவடுக்குத் தேர்வைப் பொறுத்தே தன் வலிமையைக் காட்டியது. 2012 டிசம்பரில் அவர் ரேடியான் எச்டி 7950ஐயும் ஜிஃபோர்ஸ் ஜிடிஎக்ஸ் 660 டிஐயையும் புதிய விளையாட்டுகளில் ஒப்பிட்டபோது, சராசரியில் போட்டியிட்ட ரேடியான், படநேரங்களின் ஒழுங்கில் பின்தங்கியது தெரிந்தது. ஏஎம்டி குறையை ஒப்புக்கொண்டு, 2013இன் தொடக்கத்திலேயே டிரைவர் திருத்தங்களை வெளியிட்டது. என்விடியா அதே ஆண்டில் எஃப்கேட் என்ற அளவைக் கருவித்தொகுப்பைச் சோதனையாளர்களுக்கு வழங்கியது. வன்பொருளில் எதுவும் மாறாமல், அளக்கும் முறை மாறியதாலேயே பல்லாயிரம் வீடுகளில் ஏற்கெனவே இருந்த அட்டைகள் மேம்பட்டன. இந்த வரலாற்றில் ஒரு தனிமனிதரின் உழைப்பு வாங்குவோருக்கு இவ்வளவு நேரடியாகப் பயன்பட்ட வேறு நிகழ்வைச் சொல்வது கடினம்.

2014 செப்டம்பரில் 329 டாலருக்கு வந்த ஜிடிஎக்ஸ் 970, 145 வாட் மின்தேவையில் முந்தைய தலைமுறையின் உச்ச அட்டைகளை எட்டியதால் பெரும் வரவேற்பைப் பெற்றது. அதன் 4 ஜிகாபைட் நினைவகத்தில் 3.5 ஜிகாபைட் மட்டுமே முழுவேகத்தில் இயங்குவதையும், கடைசி அரை ஜிகாபைட் மிக மெதுவான தனிப் பகுதியாகப் பிரிக்கப்பட்டிருப்பதையும் பயனாளர்களின் சோதனைகள் வெளிக்கொணர்ந்தபின், 2015 ஜனவரியில் என்விடியா விவரக்குறிப்பைத் திருத்தியது. அமெரிக்காவில் தொடரப்பட்ட வழக்கு 2016இல் வாங்கியவர் ஒவ்வொருவருக்கும் 30 டாலர் என்ற சமரசத்தில் முடிந்தது. ஜிடிஎக்ஸ் 970க்கு மாற்றாக 2015 ஜூனில் அதே 329 டாலருக்கு ஏஎம்டி முன்வைத்த ஆர்9 390, 8 ஜிகாபைட் நினைவகத்தைக் கொண்டிருந்தது, ஆனால் 2013ஆம் ஆண்டின் சில்லையே அடிப்படையாகக் கொண்டு 275 வாட் மின்சாரத்தைக் கோரியது. இந்த 130 வாட் வேறுபாடு மின்கட்டணத்தோடு முடிவதில்லை. கணினியின் எஸ்எம்பிஎஸ், அதாவது சுவர் மின்சாரத்தைப் பாகங்களுக்கு ஏற்றவாறு மாற்றித் தரும் மின்வழங்கிப் பெட்டி, 450 வாட் தரத்தினதாக இருந்தால், முதல் அட்டைக்குப் போதுமானதும் இரண்டாம் அட்டைக்கு மாற்றவேண்டியதும் ஆகிவிடும். ஒரே விலையுள்ள இரு அட்டைகளில் ஒன்று, சிலருக்குப் பல ஆயிரம் ரூபாய் கூடுதலானது.

இந்தியாவில் இத்தேர்வு எப்போதும் வேறொரு கணக்கைக் கொண்டிருந்தது என்பதை இங்குக் குறிப்பிடுவது பொருத்தம். சென்னை ரிச்சி தெரு, பெங்களூரு எஸ்.பி. ரோடு, டெல்லி நேரு பிளேஸ் ஆகிய சந்தைகளில் பாகங்களைத் தனித்தனியாக வாங்கிக் கணினியை அசெம்பிள் செய்துகொள்ளும் வழக்கம் நடுத்தரக் குடும்பங்களிடையே வேரூன்றியது. ஆனால் அமெரிக்காவில் அறிவிக்கப்பட்ட விலை இங்கு வரும்போது டாலரின் மதிப்பும் வரியும் விநியோகத்தாரின் ஆதாயமும் சேர்ந்து மாறிவிடும். அந்த மாற்றம் இரு நிறுவன அட்டைகளுக்கும் ஒரே விகிதத்தில் அமைவதில்லை. அமெரிக்கச் சோதனையாளர் 20 டாலர் வேறுபாட்டை முன்வைத்து அளித்த தீர்ப்பு, கடைமேசையில் தலைகீழாகிவிடக்கூடும். இங்குள்ளவர் உத்தரவாதக் காலத்தில் பழுதுபார்க்கும் மையம் தம் ஊரில் உண்டா என்பதையும் அதற்கு நிகராகக் கருதவேண்டியிருந்தது. வெளிநாட்டு இதழ்கள் அதைப் பற்றி எழுதுவதில்லை.

இரு நடுவடுக்கு அட்டைகளுக்கு இடையிலான தேர்வு முழுமையான வடிவத்தை அடைந்த ஆண்டு 2016. ஜூன் 29 அன்று ஏஎம்டியின் ரேடியான் ஆர்எக்ஸ் 480, 4 ஜிகாபைட்டுக்கு 199 டாலர், 8 ஜிகாபைட்டுக்கு 239 டாலர் என்ற விலைகளில் வந்தது. ஜூலை 19 அன்று 6 ஜிகாபைட் ஜிஃபோர்ஸ் ஜிடிஎக்ஸ் 1060, 249 டாலருக்கு எதிர்நின்றது. ரேடியானில் 256 பிட் பாதையும் 150 வாட் மின்தேவையும், ஜிஃபோர்ஸில் 192 பிட் பாதையும் 120 வாட் மின்தேவையும் இருந்தன. முதல் வாரத்திலேயே, ரேடியான் தாய்ப்பலகையின் செருகுவாய் வழியே வரையறுக்கப்பட்ட 75 வாட்டைவிடக் கூடுதலாக மின்சாரம் இழுப்பதைச் சோதனையாளர்கள் அளந்து காட்டினார்கள். ஜூலையில் வந்த டிரைவர் திருத்தம் அதைச் சரிசெய்தது. தொடக்கத்தில் வந்த 4 ஜிகாபைட் அட்டைகள் சிலவற்றில் உண்மையில் 8 ஜிகாபைட் பொருத்தப்பட்டு மூடப்பட்டிருந்ததும் தெரியவந்தது, 9500இன் கதையே மீண்டும் நிகழ்ந்ததுபோல.

அன்றைய விளையாட்டுகளில் பெரும்பாலானவை டைரக்ட்எக்ஸ் 11 என்ற பழைய இடைமுகத்தைப் பயன்படுத்தின. அவற்றில் ஜிஃபோர்ஸ் முந்தியது. ஆனால் சில்லை நேரடியாகக் கையாள விளையாட்டை எழுதுபவருக்கு அதிக உரிமை தரும் வல்கன் என்ற புதிய இடைமுகத்துக்கு டூம் விளையாட்டு அதே ஜூலையில் மாறியபோது, ரேடியானின் வேகம் வியக்கத்தக்க அளவு உயர்ந்தது. ஆகவே வாங்குவோர் தாம் ஆடிக்கொண்டிருக்கும் விளையாட்டுகளைப் பார்ப்பதா, இனி ஆடப்போகும் விளையாட்டுகளைப் பார்ப்பதா என்று முடிவெடுக்க வேண்டியிருந்தது. திரையும் கணக்கில் சேர்ந்தது. அட்டை படத்தை முடிக்கும் கணத்துக்கு ஏற்பத் திரை தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் நுட்பத்தை, என்விடியா ஜி-சிங்க் என்ற பெயரில் தனி வன்பொருள் பொருத்திய விலைகூடிய திரைகளில் அளித்தது. ஏஎம்டியின் ஃபிரீசிங்க், டிஸ்ப்ளேபோர்ட் என்ற பொதுத் தரத்தின் வசதியைப் பயன்படுத்தியதால் மலிவான திரைகளிலும் கிடைத்தது. 2019 ஜனவரியில் என்விடியா அப்பொதுத் தரத்தைத் தன் அட்டைகளுக்கும் திறந்துவிடும்வரை, அட்டையோடு திரையும் வாங்கியவருக்கு ரேடியானே சிக்கனமான கூட்டாக அமைந்தது.

விற்பனையில் வென்றது ஜிடிஎக்ஸ் 1060; ஸ்டீம் என்ற விளையாட்டு விற்பனைத் தளத்தின் வன்பொருள் கணக்கெடுப்பில் பல ஆண்டுகள் அதுவே முதலிடத்தில் இருந்தது. ஆயினும் நினைவகம் கூடுதலாகவும் கட்டமைப்பு புதிய இடைமுகங்களுக்கு இசைவாகவும் இருந்ததால், காலப்போக்கில் 8 ஜிகாபைட் ரேடியான் அதற்கு இணையாகவும் சில விளையாட்டுகளில் மேலாகவும் வந்தது. அன்று இரண்டில் எதைத் தேர்ந்தவரும் தவறு செய்யவில்லை என்றே சொல்ல வேண்டும். தவறான தேர்வு என்று சொல்லத்தக்கது, ஆகஸ்டில் 199 டாலருக்கு வந்த 3 ஜிகாபைட் ஜிடிஎக்ஸ் 1060 ஒன்றுதான்: நினைவகம் பாதியானதோடு கணிப்பு அலகுகளும் 1280இலிருந்து 1152ஆகக் குறைக்கப்பட்டிருந்தும் அது அதே பெயரில் விற்கப்பட்டது.

200 டாலர் அடுக்கின் வீழ்ச்சிக்கு விளையாட்டோடு தொடர்பில்லாத காரணம் முதலில் வந்தது. எத்தீரியம் என்ற மின்னணு நாணயத்தை உருவாக்கும் கணக்கீடு நினைவக வேகத்தைச் சார்ந்திருந்ததால், விலைக்கேற்ற நினைவகப் பாதை கொண்ட நடுவடுக்கு அட்டைகளே அதற்கு ஏற்றவையாக அமைந்தன. 2017இல் ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 570, 580 அட்டைகள் கடைகளிலிருந்து மறைந்தன, கிடைத்தவை பன்மடங்கு விலையில் விற்றன. 2020 முதல் 2022 வரை அதே நிலை மேலும் கடுமையாகத் திரும்பியது. 2022 செப்டம்பர் 15 அன்று எத்தீரியம் வேறு முறைக்கு மாறியதும் அத்தேவை ஒரேநாளில் முடிவுக்கு வந்து, பழைய அட்டைகள் இரண்டாம் கைச் சந்தையில் குவிந்தன. ஆனால் இடைப்பட்ட காலத்தில் புதிய அட்டைகளின் விலைக்கோடு மேலேறி நிலைத்துவிட்டது. 2019 ஜனவரியில் ஜிடிஎக்ஸ் 1060இன் வழித்தோன்றலான ஆர்டிஎக்ஸ் 2060இன் விலை 349 டாலராக இருந்தது. 2020 ஜனவரியில் 279 டாலருக்கு ஆர்எக்ஸ் 5600 எக்ஸ்டியை ஏஎம்டி அறிவித்ததும், என்விடியா 2060ஐ 299 டாலருக்கு இறக்கியது. பதிலுக்கு ஏஎம்டி, விற்பனைக்கு முந்தைய நாள்களில், நினைவக வேகத்தை உயர்த்தும் வகையில், பயாஸ் எனப்படும் அட்டையின் உள்நிரலுக்குத் திருத்தம் வெளியிட்டது. ஏற்கெனவே பெட்டியிலடைத்து அனுப்பப்பட்ட அட்டைகளில் பழைய பயாஸே இருந்ததால், சோதனையில் படித்த வேகம் வேண்டுமானால் வாங்கியவர் தாமே அதைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

2023இல் வந்த ஆர்டிஎக்ஸ் 4060 (299 டாலர்), ஆர்எக்ஸ் 7600 (269 டாலர்) ஆகிய இரண்டும் 128 பிட் பாதையையும் 8 ஜிகாபைட் நினைவகத்தையும் கொண்டிருந்தன. ஏழாண்டுகளுக்கு முன் 239 டாலருக்குக் கிடைத்த நினைவக அளவே இது. 2021இன் ஆர்டிஎக்ஸ் 3060இல் 12 ஜிகாபைட் இருந்ததை நோக்க, வாங்குவோரின் மனக்குறை நியாயமானது. குறைந்த துல்லியத்தில் வரைந்த படத்தைக் கணிப்பால் பெரிதாக்கும் டிஎல்எஸ்எஸ் போன்ற மென்பொருள் நுட்பங்கள் இப்போது தேர்வின் மையத்துக்கு வந்துவிட்டன.

2024 டிசம்பரில் இன்டெல் நிறுவனம் 12 ஜிகாபைட் நினைவகமும் 192 பிட் பாதையும் கொண்ட ஆர்க் பி580ஐ 249 டாலருக்கு வெளியிட்டபோது, பல ஆண்டுகளுக்குப் பின் இந்த விலையில் மூன்றாம் நிறுவனத்தின் தகுதியான பொருள் ஒன்று கிடைத்தது. முதல் சோதனைகள் அதை 4060க்கு மேலாகவே மதிப்பிட்டன. ஆனால் அச்சோதனைகள் வழக்கம்போல் மிக வேகமான மையச் செயலிகளைக் கொண்டு நடத்தப்பட்டவை. 2025இன் தொடக்கத்தில் சில சோதனையாளர்கள் அதே அட்டையைப் பழைய, மலிவான செயலிகளோடு பொருத்திப் பார்த்தபோது, அதன் டிரைவர் செயலிக்கு அதிகச் சுமை தருவதால் வேகம் கணிசமாகக் குறைவதும், அதே செயலிகளில் 4060 அவ்வளவு பாதிக்கப்படாததும் தெரியவந்தன. 249 டாலர் அட்டையை வாங்குபவரிடம் பெரும்பாலும் இருப்பது பழைய செயலிதான் என்பதால், அதன்பின் நடுவடுக்கு அட்டைகளைச் சோதிப்போர் சாதாரணச் செயலிகளிலும் அவற்றை ஓட்டிப் பார்க்கத் தொடங்கினார்கள்.